கேளாமை: செல்லிலும் மரபணுவிலும்

மனிதரின் ஒவ்வொரு காதிலும் ஒலியை உணரும் முடிச்செல்கள் ஏறத்தாழ 15,000 மட்டுமே. விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் சுமார் பத்துக் கோடி என்பதை நினைத்தால் இது மிகச் சொற்பம். கருவிலேயே உருவாகிவிடும் முடிச்செல்களில் ஒன்று அழிந்தால் அந்த இடத்தில் இன்னொன்று முளைப்பதில்லை. உட்செவியின் நத்தைச் சுருளுக்குள் இவை வரிசையாக நிற்கின்றன. உள்வரிசையில் உள்ள சுமார் 3,500 செல்கள்தாம் ஒலிச்செய்தியை மூளைக்கு அனுப்புகின்றன. வெளிவரிசைகளில் இருக்கும் 12,000 செல்கள் பிரெஸ்டின் என்ற புரதத்தின் துணையால் சுருங்கி நீண்டு, மெல்லிய ஒலியைப் பெருக்கித் தருகின்றன.

ஒவ்வொரு செல்லின் உச்சியிலும் நுண்முடிகள் படிக்கட்டுபோல உயர வரிசையில் அமைந்திருக்கும். குட்டை முடியின் நுனியை அடுத்த நெட்டை முடியோடு ஒரு புரத இழை பிணைக்கிறது. ஒலி அசைக்கும்போது இழை இறுகி, அயனிகள் நுழையும் வாயில் திறக்கிறது. பொட்டாசியம் உள்ளே பாய்கிறது. மின்னழுத்தம் மாறி, செல்லின் அடியிலிருந்து நரம்புக்குச் செய்தி போகிறது. இந்த இழை இரண்டு புரதங்களால் ஆனது. அவற்றில் எதற்கான மரபணு பழுதானாலும் அஷர் நோய் வரலாம். அந்தக் குழந்தை கேளாமையோடு பிறந்து, வளர வளரப் பார்வையையும் இழக்கும்.

பிறவிக் கேளாமை ஆயிரம் குழந்தைகளில் ஒன்றிரண்டு பேருக்கு இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் மரபணுவால் வருவது. கேளாமைக்குக் காரணமாகும் மரபணுக்கள் நூற்றுக்கும் அதிகம். ஆனாலும் உலகின் பல பகுதிகளில் முதலிடம் வகிப்பது ஜிஜேபி2 என்ற ஒன்றுதான். 1997-இல் கண்டறியப்பட்ட இதன் பழுது, முடிச்செல்லை நேரடியாகத் தொடுவதில்லை. கனெக்ஸின் 26 என்னும் இதன் புரதம், முடிச்செல்லைச் சூழ்ந்த துணைச்செல்களுக்கு இடையே வாய்க்கால் அமைப்பது. அந்த வாய்க்கால்கள் இல்லையென்றால் உட்செவியின் அயனிச் சமநிலை குலைகிறது. இந்தியாவில் அதிகம் காணப்படும் பிழையில், 226 அமினோ அமிலங்கள் கொண்டிருக்க வேண்டிய இந்தப் புரதம் 23-லேயே நின்றுவிடுகிறது.

ஜிஜேபி2 பழுது ஒடுங்கு பண்பாகக் கடத்தப்படுகிறது. தாயும் தகப்பனும் ஆளுக்கொரு பழுதான பிரதியைச் சுமந்தபடி நன்றாகவே கேட்பார்கள். பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு பிரதிகளும் பழுதாக அமையும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று சொந்தத்துக்குள் மணம் முடிக்கும் குடும்பங்களில், இருவரும் ஒரே மூதாதையிடமிருந்து ஒரே பழுதைப் பெற்றிருக்க வாய்ப்பு கூடுகிறது. தமிழ்நாட்டுக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. இதில் யாரையும் பழிக்க இடமில்லை. கேளாத இருவர் மணந்துகொண்டாலும் அவர்களின் பழுது வெவ்வேறு மரபணுக்களில் இருந்தால், பிள்ளைகளுக்குப் பொதுவாக நன்றாகக் கேட்கும். ஜிஜேபி2 பழுதில் செவிநரம்பு பெரும்பாலும் நலமாக இருப்பதால், அந்த நரம்பை நேரடியாகத் தூண்டும் காக்ளியர் இம்பிளான்ட் கருவி நல்ல பலன் தருகிறது.

ஒட்டோஃபெர்லின் என்ற புரதத்துக்கான மரபணுவில் வரும் பழுது இன்னொரு விதம். முடிச்செல்கள் முழுமையாக இருக்கின்றன, ஒலியையும் உணர்கின்றன. ஆனால் நரம்புக்குச் செய்தியைக் கொட்டும் இறுதிப் படி மட்டும் நடப்பதில்லை. இங்கே ஓர் ஆபத்து உண்டு. பிறந்த குழந்தைக்குச் செய்யும் எளிய சோதனை, வெளிவரிசைச் செல்கள் எழுப்பும் எதிரொலியைப் பதிவு செய்வது. இந்தக் குழந்தைகளிடம் அந்த எதிரொலி இருப்பதால், காது நன்றாக இருக்கிறது என்றே முடிவு வரும். பேச்சைக் கற்கும் பொன்னான மாதங்கள் வீணாகிவிடும். செவிநரம்பிலும் மூளைத்தண்டிலும் எழும் மின்னலைகளை அளக்கும் சோதனையே உண்மையைக் காட்டும்.

செல் அழியாமல் இருப்பதால்தான் மரபணு சிகிச்சை இந்தப் பழுதில் முதலில் பலித்தது. சரியான மரபணுவை உட்செவிக்குள் கொண்டுபோகும் தீங்கற்ற வைரஸுக்கு இந்த மரபணு அளவில் பெரிது; அதனால் இரண்டு துண்டாக அனுப்பிச் செல்லுக்குள் இணைத்தார்கள். ஷாங்காயில் சிகிச்சை பெற்ற ஆறு குழந்தைகளில் ஐந்து பேருக்குக் கேட்கும் திறன் மீண்டதாக 2024 ஜனவரியில் லான்செட் இதழில் அறிக்கை வெளியானது. செல்லே அழிந்துபோன கேளாமைக்கு இந்த வழி உதவாது.

தாய்வழியாக மட்டும் வரும் ஒரு பழுதும் உண்டு. அது மைட்டோகாண்ட்ரியாவின் மரபுப்பொருளில் 1555-ஆம் இடத்தில் ஏற்படும் ஒற்றை எழுத்து மாற்றம். அதனால் அங்குள்ள ரைபோசோம் பாக்டீரியாவினுடையதைப் போல ஆகிவிட, பாக்டீரியாவைத் தாக்க வந்த ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் போன்ற மருந்துகள் அதையும் பற்றிக்கொள்கின்றன. வழக்கமான அளவு ஊசியே காதைப் பறித்துவிடலாம். தாய்வழி உறவினர் யாராவது ஊசிக்குப் பிறகு கேட்கும் திறனை இழந்திருந்தால், மருத்துவரிடம் அதை முன்கூட்டியே சொல்வது அவசியம்.

இரைச்சலாலும் முதுமையாலும் சாகும் முடிச்செல்களை மீட்பதற்கான தேடலுக்கு வழிகாட்டுபவை பறவைகள். கோழியின் காதில் அழிந்த முடிச்செல்களுக்குப் பதிலாகத் துணைச்செல்கள் பெருகி உருமாறிப் புதியவற்றைத் தருவது 1980-களில் தெரியவந்தது. பிறந்த சில நாட்களே ஆன எலிக்குஞ்சிலும் அந்தத் திறனின் சாயல் இருக்கிறது; ஓரிரு வாரங்களில் அது ஒடுங்கிவிடுகிறது. அதை ஒடுக்குவது எது, மீண்டும் எழுப்ப எந்த மரபணுக்களைத் தூண்ட வேண்டும் என்பதையே ஆய்வுக்கூடங்கள் இப்போது தேடிக்கொண்டிருக்கின்றன.