இந்தியக் குடியரசுத் தலைவரின் அரசியலமைப்புப் பங்கு

இந்தியக் குடியரசுத் தலைவர் இந்திய ஒன்றியத்தின் நாட்டுத் தலைவர் ஆவார். ஒன்றியத்தின் நிர்வாக அதிகாரம் முழுவதும் அரசியலமைப்பின் 53ஆம் பிரிவின்படி அவரிடமே உள்ளது. முப்படைகளின் உச்சத் தலைமையும் அவருடையதே. பிரதமரையும், உச்ச நீதிமன்ற நீதிபதிகளையும், மாநில ஆளுநர்களையும் நியமிப்பவர் அவர். எனினும் இவ்வதிகாரங்களை அவர் தம் விருப்பப்படி பயன்படுத்த இயலாது. பிரதமரின் தலைமையிலான அமைச்சரவையின் அறிவுரைப்படியே அவர் செயற்பட வேண்டும் என 74ஆம் பிரிவு கூறுகிறது. இதனாலேயே இப்பதவி பெயரளவிலான தலைமைப் பதவி எனப்படுகிறது. ஆயினும் அமைச்சரவையைத் திருப்பிக் கேட்கும் உரிமையும், கையொப்பமிடுவதற்குக் காலவரம்பு இல்லாமையும் நடைமுறையில் இப்பதவிக்குச் சிறிதளவு வலிமையைத் தந்துள்ளன.

அரசியலமைப்பு அவையின் நோக்கம்

குடியரசுத் தலைவரின் நிலை இங்கிலாந்து மன்னரின் நிலையை ஒத்தது என 1948 நவம்பரில் அம்பேத்கர் அரசியலமைப்பு அவையில் விளக்கினார். அவர் நாட்டைப் பிரதிநிதித்துவப்படுத்துவார், ஆனால் ஆளமாட்டார் என்பது அவ்விளக்கத்தின் சாரம். தேர்தல் முறையும் இந்நோக்கத்துடனேயே வகுக்கப்பட்டது. மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஒருவருக்கு உண்மையான அதிகாரம் இல்லாதிருப்பது முரண்பாடாகும் என நேரு 1947 இல் சுட்டிக்காட்டினார். எனவே நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மாநிலச் சட்டமன்றங்களிலும் உள்ள தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் அடங்கிய வாக்காளர் குழுவே குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறது. நியமன உறுப்பினர்களுக்கு இதில் வாக்கு இல்லை.

அறிவுரை கட்டாயமா?

1950 இல் நடைமுறைக்கு வந்த மூல வாசகத்தில், குடியரசுத் தலைவருக்கு உதவவும் அறிவுரை கூறவும் ஓர் அமைச்சரவை இருக்கும் என்று மட்டுமே கூறப்பட்டிருந்தது. அவ்வறிவுரையை அவர் ஏற்றே ஆகவேண்டும் என்ற சொல் அதில் இல்லை. இந்த இடைவெளி முதற் குடியரசுத் தலைவரின் காலத்திலேயே சிக்கலாயிற்று. 1951 இல் இந்து சட்டத் தொகுப்பு குறித்து இராசேந்திர பிரசாத் தம் சொந்த முடிவின்படி செயற்பட விரும்புவதாக நேருவுக்கு எழுதினார். நேரு, தலைமை வழக்கறிஞர் செட்டல்வாட்டிடமும், அரசியலமைப்பு வரைவுக் குழுவில் இருந்த சென்னை வழக்கறிஞர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரிடமும் கருத்துக் கேட்டார். அமைச்சரவையின் அறிவுரையை மீற முடியாது என இருவரும் கூறினர். பிரசாத் 1960 இல் ஒரு சொற்பொழிவில் இவ்வினாவை மீண்டும் எழுப்பினார்.

நீதிமன்றங்கள் பின்னர் இதற்கு விடை கூறின. சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய யூ. என். ஆர். ராவ் வழக்கில், மக்களவை கலைக்கப்பட்ட பின்னரும் அமைச்சரவை இல்லாமல் குடியரசுத் தலைவர் ஆட்சி செலுத்த முடியாது என உச்ச நீதிமன்றம் 1971 இல் தீர்ப்பளித்தது. 1974 இல் சம்சேர் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, மிகச் சில சூழல்கள் தவிர எல்லாவற்றிலும் அமைச்சரவையின் அறிவுரையே இறுதியானது என்றது. 1976 ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் இதனை அரசியலமைப்பின் வாசகத்திலேயே சேர்த்தது.

1975 சூன் 25 இரவு

அறிவுரைப்படி நடத்தல் என்ற விதியின் ஆபத்தான பக்கம் இவ்விரவில் வெளிப்பட்டது. பிரதமர் இந்திரா காந்தியின் கடிதத்தின் பேரில் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது நள்ளிரவுக்குச் சற்று முன் நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்டார். அமைச்சரவை அப்போது கூடியிருக்கவில்லை. மறுநாள் காலை கூடிய அமைச்சரவை, ஏற்கெனவே நடந்து முடிந்த செயலுக்கு ஒப்புதல் அளித்தது. சட்டப்படி அவரைக் கட்டுப்படுத்துவது அமைச்சரவையின் அறிவுரையே அன்றிப் பிரதமர் ஒருவரின் கடிதம் அன்று. அமைச்சரவையின் முடிவு எங்கே என்று கேட்பதற்கு அன்று எந்தப் புதிய அதிகாரமும் தேவைப்பட்டிருக்காது.

1978 ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம் இந்நிகழ்வின் நேரடி விளைவாகும். அமைச்சரவையின் முடிவு எழுத்து மூலம் தெரிவிக்கப்பட்டாலன்றி நெருக்கடி நிலையை அறிவிக்க முடியாது என அது விதித்தது. மேலும், எந்த அறிவுரையையும் ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பும் உரிமையைக் குடியரசுத் தலைவருக்கு வழங்கியது. மறுபரிசீலனைக்குப் பின் அதே அறிவுரை வந்தால் அவர் அதன்படியே செயற்பட வேண்டும்.

மறுபரிசீலனை உரிமையின் பயன்பாடு

ஒருமுறை மட்டும் கேட்கும் உரிமை அற்பமானதாகத் தோன்றலாம். கே. ஆர். நாராயணன் அதனைப் பயன்படுத்திய விதம் வேறுவிதமாகக் காட்டுகிறது. 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவர குஜ்ரால் அமைச்சரவை பரிந்துரைத்தபோது அவர் அதனைத் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை அம்முயற்சியைக் கைவிட்டது. 1998 இல் பீகார் தொடர்பான வாஜ்பாய் அமைச்சரவையின் பரிந்துரையையும் அவ்வாறே திருப்பினார். 1999 பெப்ரவரியில் அது மீண்டும் வந்தபோது கையொப்பமிட்டார். மாநிலங்களவையில் போதிய ஆதரவின்மையால் அடுத்த மாதமே அரசு அதனை விலக்கிக்கொள்ள நேர்ந்தது.

ஆ. ப. ஜெ. அப்துல் கலாமின் காலத்தில் இரு வகைக்கும் எடுத்துக்காட்டு உண்டு. 2005 மே மாதம் அவர் மாஸ்கோவில் இருந்தபோது, பீகார் சட்டமன்றத்தைக் கலைக்கும் பரிந்துரை நள்ளிரவில் அனுப்பப்பட்டது. அவர் கையொப்பமிட்டார். அக்கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது என உச்ச நீதிமன்றம் பின்னர் கூறியது. 2006 மே மாதத்திலோ, ஆதாயம் தரும் பதவிகள் குறித்த சட்டமுன்வரைவை (மசோதாவை) அவர் நாடாளுமன்றத்துக்குத் திருப்பி அனுப்பினார். இரு அவைகளும் மாற்றமின்றி அதனை மீண்டும் நிறைவேற்றின. 111ஆம் பிரிவின்படி இரண்டாம் முறை ஒப்புதலை மறுக்க இடமில்லையாதலால் அவர் ஆகத்து மாதத்தில் ஒப்புதல் அளித்தார்.

காலவரம்பின்மை

111ஆம் பிரிவு, திருப்பி அனுப்புவதாயின் இயன்ற விரைவில் அனுப்ப வேண்டும் என்கிறதே தவிர நாள்கணக்கு எதுவும் கூறவில்லை. 1986 இல் நிறைவேறிய அஞ்சல் சட்டத் திருத்த முன்வரைவு, தனியார் கடிதங்களை இடைமறித்துப் பார்க்க அரசுக்கு விரிந்த அதிகாரம் அளித்தது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் அதற்கு ஒப்புதலும் அளிக்கவில்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. 1987 இல் அவர் பதவிக்காலம் முடியும் வரை அது அப்படியே இருந்தது. அம்முன்வரைவு சட்டமாகவே இல்லை. ஓய்வுபெறும் நிலையிலிருந்த ஒரு பெயரளவுத் தலைவர், பெரும்பான்மை வலிமை மிக்க ராஜீவ் காந்தி அரசின் சட்டத்தைத் தடுத்தது வெறும் மௌனத்தால் என்பது குறிப்பிடத்தக்கது.

தாமதம் எப்போதும் குடிமக்களுக்குச் சாதகமாக அமைவதில்லை. 72ஆம் பிரிவின்படி வரும் கருணை மனுக்களிலும் குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் அறிவுரைப்படியே முடிவெடுக்கிறார். இம்மனுக்கள் பல ஆண்டுகள் தேங்கியது உண்டு. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற மூவரின் மனுக்கள் பதினோர் ஆண்டுகள் நிலுவையில் இருந்து 2011 இல் நிராகரிக்கப்பட்டன. இந்தத் தாமதத்தைக் காரணமாகக் கொண்டு உச்ச நீதிமன்றம் 2014 பெப்ரவரியில் அவர்களின் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது.

மாநிலச் சட்டமுன்வரைவுகள்

மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றும் சட்டமுன்வரைவை ஆளுநர் குடியரசுத் தலைவரின் முடிவுக்காக ஒதுக்கிவைக்கலாம். இங்கு அவரது நிலை 111ஆம் பிரிவிலிருந்து பெரிதும் மாறுபடுகிறது. சட்டமன்றம் இரண்டாம் முறை நிறைவேற்றி அனுப்பினாலும் ஒப்புதல் அளிக்கும் கட்டாயம் 201ஆம் பிரிவில் இல்லை. அறிவுரை கூறுவது ஒன்றிய அமைச்சரவையாதலால், நடைமுறையில் மாநிலச் சட்டத்தின் கதியை ஒன்றிய அரசு தீர்மானிக்கிறது. மருத்துவச் சேர்க்கைக்கான நீட் தேர்விலிருந்து விலக்குக் கோரித் தமிழ்நாடு சட்டமன்றம் 2022 இல் இரண்டாம் முறை நிறைவேற்றிய சட்டமுன்வரைவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டது 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது.

அதே மாதம் 8ஆம் நாள், தமிழ்நாடு அரசு ஆளுநருக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், ஒதுக்கிவைக்கப்பட்ட சட்டமுன்வரைவுகள் மீது குடியரசுத் தலைவர் மூன்று மாதங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு கூறியது. இதனையடுத்துக் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு 143ஆம் பிரிவின் கீழ் பதினான்கு வினாக்களை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அரசியலமைப்பில் இல்லாத காலவரம்பை நீதிமன்றம் விதிக்க முடியாது எனவும், ஒப்புதல் கிடைத்துவிட்டதாகக் கருதும் முறைக்கு இடமில்லை எனவும் 2025 நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு கருத்துரைத்தது.