காட்டில் இருக்கும் புலிகள் எத்தனை?

நம் தேசியச் சின்னத்தில் இரண்டு புலிகள் கம்பீரமாக நிற்கின்றன. காட்டில் எத்தனை நிற்கின்றன? இந்தக் கேள்விக்கு நெடுங்காலம் நம்மிடம் இருந்த பதில் வெறும் ஊகம்தான். 2020க்குள் 1,000 புலிகள் என்று 2008ஆம் ஆண்டின் தேசியத் திட்டம் இலக்கு வைத்தது. ஆனால், 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியக் கணக்கெடுப்பு காட்டிய எண்ணிக்கை 150க்கும் குறைவு!

அடர்ந்த காட்டில் புலியை எப்படி எண்ணுகிறார்கள்? மனித வாடை பட்டாலே ஒதுங்கிவிடும் விலங்கு அது. ஆகவே, அது நடந்து செல்லும் தடங்களில் இருபுறமும் தானியங்கிக் கேமராக்களைப் பொருத்துகிறார்கள். நம் கைரேகை போல, ஒரு புலியின் வரிகள் இன்னொன்றுக்கு இருப்பதில்லை. இடப்பக்க வரிகளும் வலப்பக்க வரிகளும்கூட வேறுபடும். அதனால்தான் இரண்டு கேமராக்கள். அதே புலி எத்தனை முறை படத்தில் சிக்குகிறது என்பதைக் கொண்டு, கேமராவில் படாத புலிகளையும் சேர்த்து மதிப்பிடுகிறார்கள்.

ஓர் இனத்தின் நிலையை அறிய எண்ணிக்கை மட்டும் போதாது. அது கூடுகிறதா, குறைகிறதா, வாழும் காடு சுருங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இப்படிப் பார்த்துத்தான் அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2015இல் மலாயாப் புலியைத் தன் சிவப்புப் பட்டியலில் 'மிக மோசமான ஆபத்தில் உள்ளவை' என்ற பிரிவில் சேர்த்தது. அதற்கு அடுத்த படி, காட்டில் அற்றுப் போவது.

அந்தப் படியையும் தாண்டிய விலங்கு நம் நாட்டிலேயே உண்டு. 2019 மே மாதம் சபாவில் கடைசி ஆண் சுமத்ரா காண்டாமிருகம் இறந்தது. அதே ஆண்டு நவம்பரில் கடைசிப் பெண்ணும் இறந்தது. அத்துடன் மலேசியாவில் அந்த இனத்தின் கதை முடிந்தது.

ஆயினும் நம்பிக்கை இழக்கத் தேவையில்லை. நேப்பாளம் 2009இல் 121 புலிகளை எண்ணியது, 2022இல் 355. இடைவிடாத காவலும், காலம் தவறாத கணக்கெடுப்பும் சேர்ந்து கொடுத்த பலன் இது.

நம் புலிகளுக்குப் பெரும் எதிரி கம்பிக் கண்ணி. புலியையும் அது கொல்கிறது; புலிக்கு இரையாகும் மானையும் கொல்கிறது. காட்டு இறைச்சியை வாங்க மறுப்பதும், கண்ணியைக் கண்டால் பெர்ஹிலித்தானுக்குத் தகவல் கொடுப்பதும் நம்மால் முடிந்த காரியங்கள். அடுத்த கணக்கெடுப்பில் எண்ணிக்கை கூடுமா என்பது நம் கையிலும் இருக்கிறது.