சுரங்கத்தார் வென்ற கிண்ணம்

சில ஆண்டுகளுக்கு முன் மாணாக்கர் சிலரை அழைத்துக்கொண்டு அப்புத்தளைக்குச் சென்றிருந்தேன். லிப்ரன் துரை இருந்து தம் தேயிலை நிலங்களை நோக்குவார் எனச் சொல்லப்படும் மலைமுகட்டில் இப்போது அவருடைய சிலை அமர்ந்திருக்கிறது. அதனருகே நின்றபோது, பந்தாட்டப் பித்துடைய மாணாக்கன் ஒருவன், "ஐயா, இவர் கொடுத்த உதைபந்தாட்டக் கிண்ணத்தை நிலக்கரி வெட்டுவோர் வென்றார்களாமே?" என்றான். நன்னூல் படிப்பிக்கும் எனக்கு விடை தெரியவில்லை. வீடு திரும்பித் தேடிப் படித்தேன்.

இங்கிலாந்தின் வடகிழக்கே, டேர்ஹம் மாவட்டத்தில், வெஸ்ற் ஓக்லன்ட் என்றோர் சிற்றூர் உண்டு. 1893 இல் தோன்றிய அவ்வூர்க் கழகம், பெருங்கழகங்கள் மோதும் 'லீக்' தொடரில் ஒருநாளும் இடம்பெற்றதில்லை. அக்காலத்தில் அதன் ஆட்டக்காரரிற் பெரும்பாலார் சுரங்கத் தொழிலாளர். 1909 இல் இத்தாலியின் தூரின் நகரிலே பன்னாட்டுக் கழகங்கள் ஆடும் போட்டியொன்றிற்கு லிப்ரன் வெள்ளிக்கிண்ணம் வழங்கினார். இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கம் அணி அனுப்ப மறுத்துவிட்டது. சென்றவர்கள் இச்சுரங்கத்தாரே. ஸ்ருட்காட் அணியையும், இறுதியில் வின்ரத்தூர் அணியையும் 2-0 என வென்றார்கள். 1911 இல் மறுபடியுஞ் சென்று சூரிச் அணியை வென்று, இறுதியாட்டத்தில் யுவென்ரஸ் கழகத்தை 6-1 என வீழ்த்தினார்கள். கிண்ணம் அவர்களுக்கே உரித்தாயிற்று. உருகுவேயில் முதலாவது உலகக் கிண்ணப் போட்டி நடந்ததோ 1930 இலேதான்.

இவர்கள் அழைக்கப்பட்டது தவறுதலாலே என்றொரு கதையுண்டு. வுல்விச் ஆசனல் என்னும் புகழ்பெற்ற கழகத்தின் முதலெழுத்துக்களும் இவர்களுடைய முதலெழுத்துக்களும் ஒன்றாதலின், ஓலை இடம்மாறிப் போயிற்றாம். எழுத்து மயக்கங்களோடு முப்பது ஆண்டு மல்லாடிய எனக்கு இக்கதை சுவையாகவே இருக்கிறது, நம்பத்தான் முடியவில்லை. அவ்வாறாயின், 1911 இல் மீண்டும் அழைக்கப்பட்டதற்கு எந்த எழுத்தைக் குற்றஞ் சாட்டுவது? கரிபடிந்த கைகள் தகுதியால் வெல்லும் என ஒப்புவதற்குச் சிலர்க்கு மனம் வருவதில்லை.

பயணச் செலவு கழகத்தைக் கடனில் ஆழ்த்தியது. ஊர் விடுதி நடத்திய அம்மையாரிடம் 40 பவுணுக்குக் கிண்ணத்தை ஈடு வைத்தார்கள். ஈட்டுப் பொருளை மீட்பது எத்தகைய பாடென்பதை நம் வீடுகளுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அவர்கள் மீட்டது 1960 இல். கொடுத்தது 100 பவுண். பின்னர் 1961, 2012, 2014 ஆகிய ஆண்டுகளில் வெம்பிளி அரங்கில் கிண்ண இறுதியாட்டங்களை அடைந்து, மூன்றிலும் தோற்றார்கள்.

லிப்ரன் இலங்கையில் தோட்டங்களை வாங்கியது 1890 இல். அவருடைய செல்வம் கிளாஸ்கோ நகரில் தொடங்கிய மளிகைக் கடைகளாலும் வந்ததுதான். ஆயினும் அக்கிண்ணத்தின் வெள்ளியில் ஒரு பங்கேனும், தென்னிந்தியாவிலிருந்து வந்து இம்மலைகளிற் கொழுந்தெடுத்த நம்மவரின் உழைப்பென்பதில் எனக்கு ஐயமில்லை. மண்ணுக்குக் கீழே உழைத்தவனை அவன் ஊர் இன்றும் பேசுகிறது. மலைமேல் உழைத்தவளின் பெயரை அந்த முகட்டில் நான் காணவில்லை.

இவற்றையெல்லாம் மாணாக்கனிடம் கூறி, 1994 இல் அக்கிண்ணம் களவு போனதையும் சொன்னேன்.

"பிறகு கிடைத்ததா, ஐயா?"

"இல்லை. அதைப்போல் இன்னொன்று செய்து வைத்திருக்கிறார்கள்."