பிள்ளை பகா எண்கள்

பகா எண் என்றதும் தமிழ்ப்பள்ளிக் கணிதப் பாடம் நினைவுக்கு வருகிறதா? இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அதுவே ‘நொம்போர் பெர்டானா’ ஆகிவிட்டது. என்னைக் கேட்டால் தமிழ்ச் சொல்லே மேல். பகுபடாத எண் என்ற விளக்கம் பெயரிலேயே இருக்கிறது. பெர்டானா என்றால் பிரதமர்தான் நினைவுக்கு வருகிறார்!

2024 அக்டோபரில் லூக் டுராண்ட் என்ற அமெரிக்கர் ஒரு பகா எண்ணைக் கண்டறிந்தார். 136,279,841 இரண்டுகளைப் பெருக்கி, 1-ஐக் கழித்தால் வரும் எண் அது. மொத்தம் 41,024,320 இலக்கங்கள்! அதுவரை அறியப்பட்ட பகா எண்களில் அதுவே மிகப் பெரியது. இவ்வகை எண்களுக்கு மெர்சேன் எண்கள் என்று பெயர். அடுக்கு பகா எண்ணாக இருந்தால்தான் விடையும் பகா எண்ணாகும். ஆனால் அது மட்டும் போதாது. 2, 3, 5, 7 ஆகிய அடுக்குகளுக்கு 3, 7, 31, 127 என ஒழுங்காக வருகிறது. 11-இல் இடறுகிறது: 2047 = 23 × 89.

இந்த 23-க்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அதில் ஒரு தமிழரின் பெயர் இருக்கிறது.

எஸ். எஸ். பிள்ளை 1901-இல் பிறந்தவர். 1929 முதல் 1941 வரை சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். அவர் எழுப்பிய கேள்வி எளிமையானது. 1 முதல் ஓர் எண் வரை எல்லாவற்றையும் பெருக்கி, 1-ஐக் கூட்டுங்கள். வரும் விடையை வகுக்கும் பகா எண்ணை, நீங்கள் நிறுத்திய அந்த எண்ணால் வகுத்தால் எப்போதும் மீதி 1 தானா?

4 வரை பெருக்கினால் 24, கூட்டினால் 25. அதை வகுப்பது 5. ஐந்தை 4-ஆல் வகுத்தால் மீதி 1. அடுத்தது 5 வரை: 121. அதை வகுப்பது 11. 5-ஆல் வகுத்தால் மீதி 1. கம்போங் மேடானில் நான் டியூஷன் சொல்லிக்கொடுக்கும் மாணவர்களிடம் இதைக் காட்டினேன். “போதும்க்கா, எல்லாமே 1தான்” என்றான் படிவம் ஒன்று படிப்பவன். 7 வரை அவன் சொன்னது சரியே. 8-இல் உடைகிறது: 40321 = 61 × 661. அறுபத்தொன்றை 8-ஆல் வகுத்தால் மீதி 5!

பிள்ளையின் கேள்விக்கு ‘இல்லை’ என்று விடை கண்டவர் சர்வதாமன் சௌலா. அவர் காட்டிய பகா எண்தான் 23. 14 வரை பெருக்கிய பெருந்தொகையை எழுதிப் பார்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு படியிலும் 23-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளலாம். 4 வரை பெருக்கினால் மீதி 1. 8 வரை 1. 11 வரையும் 1. பிறகு 12, 18, 22. இருபத்திரண்டோடு 1-ஐக் கூட்டினால் 23, மீதியின்றி வகுபடுகிறது. ஆனால் 23-ஐ 14-ஆல் வகுத்தால் மீதி 9.

இப்படி விதியை மீறும் பகா எண்களுக்கே ‘பிள்ளை பகா எண்கள்’ என்று பெயர். அவை முடிவில்லாமல் உள்ளன என்பதும் நிறுவப்பட்டுவிட்டது. இராமானுஜத்தைத் தெரிந்த நம்மில் எத்தனை பேருக்கு இவரைத் தெரியும்? அமெரிக்காவுக்குப் புறப்பட்ட பிள்ளை, 1950 ஆகஸ்டு 31-இல் கெய்ரோ அருகே விமான விபத்தில் மாண்டார்.

23-க்கு அடுத்த பிள்ளை பகா எண் 29. அதற்கு 18 வரை பெருக்க வேண்டும். பேனாவும் ஒரு தாளும் போதும்.