லைனில் காத்திருக்கும்போது கேட்கும் பாட்டு எங்கிருந்து வருகிறது?

ஓர் அலுவலகத்துக்கு அழைக்கிறீர்கள். "சிலா துங்கு செபெந்தார்" என்கிறார்கள். பிறகு ஒரு பாட்டு. தெளிவாக வந்தால் நாம் அதைக் கவனிப்பதுகூட இல்லை. தண்ணீருக்குள் இருந்து பாடுவதுபோல் வந்தால் "என்னப்பா இது?" என்கிறோம். ஒன்றுமே கேட்காவிட்டால் இன்னும் மோசம். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடுவோம். பிள்ளையின் இடமாற்றத்துக்காக இருபது நிமிடம் காத்திருந்த தாய் அப்படி வைத்துவிட்டால், வரிசையின் கடைசியிலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டியதுதான். "நான் இன்னும் லைனில்தான் இருக்கிறேன்" என்று காட்டும் ஒரே அடையாளம் அந்த இசைதான்.

இது தற்செயலாகப் பிறந்தது என்று சொல்வார்கள். அமெரிக்காவில் ஆல்ஃபிரெட் லெவி என்பவரின் தொழிற்சாலையில் ஒரு தொலைபேசிக் கம்பி கட்டடத்தின் இரும்பு உத்திரத்தில் பட்டுக்கொண்டிருந்ததாம். பக்கத்து வானொலி நிலையத்தின் ஒலிபரப்பு, காத்திருந்தவர்களின் காதில் விழுந்ததாம். லெவி 1962இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1966இல் கிடைத்தது. சிஸ்கோ ஃபோன்களில் உலகமே கேட்டுச் சலித்த 'ஓபஸ் நம்பர் 1' என்ற இசைக்கும் ஒரு கதை உண்டு. 1989இல் டிம் கார்ல்டன் என்ற 16 வயதுப் பையனும் அவன் நண்பன் டாரிக் டீலும் வீட்டு கராஜில் பதிவு செய்தது அது. டீல் பின்னாளில் சிஸ்கோவில் வேலைக்குச் சேர்ந்தபோது, அந்த இசையும் கூடவே உள்ளே போய்விட்டது.

இனி விஷயத்துக்கு வருவோம். அலுவலகம் ஒரே கட்டடமாக இருந்தால் சிக்கல் இல்லை. ஜொகூர் பாருவில் தலைமையகம். பத்து பகாட், குளுவாங், மெர்சிங்கில் கிளைகள் என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் ஒரே தொலைபேசி அமைப்பு. ஆனால் பாட்டு இருக்கும் சர்வர் ஜொகூர் பாருவில். பத்து பகாட்டில் இருக்கும் ஒருவர் பத்து பகாட் கிளைக்கே அழைக்கிறார். அங்குள்ள குமாஸ்தா ஹோல்டில் போடுகிறார். இருவரும் ஒரே ஊரில்தான். ஆனால் பாட்டு மட்டும் நூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து வரவேண்டும்! அமைப்பவர்கள் பலர் இதை யோசிப்பதே இல்லை.

மாணவர்களே, இங்கே ஒரு கணக்கு. தொலைபேசி ஒலியை நொடிக்கு 8000 முறை மாதிரி எடுக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் 8 பிட். 8000 × 8 = 64,000, அதாவது 64 கிலோபிட். இதுதான் ஜி.711 என்ற முறை. இந்த ஒலி நொடிக்கு 50 பாக்கெட்டுகளாகப் போகிறது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முகவரி முதலியவற்றுக்காக 40 பைட் தலைப்பு உண்டு. 50 × 40 × 8 = 16,000. ஆக மொத்தம் 80 கிலோபிட். பத்து பேர் ஒரே நேரத்தில் காத்திருந்தால் 800 கிலோபிட். கிளையின் இணைப்பு சிறியதாக இருந்தால், காத்திருப்பவர்களின் பாட்டு, பேசிக்கொண்டிருப்பவர்களின் பேச்சை நெருக்கித் தள்ளும்.

"அப்படியானால் சுருக்கி அனுப்பலாமே" என்பீர்கள். ஜி.729 என்ற முறை 8 கிலோபிட்டில் முடித்துவிடும். தலைப்போடு சேர்த்து 24தான். ஆனால் அது மனிதக் குரல் பிறக்கும் விதத்தை மாதிரியாக வைத்து உருவான முறை. பேச்சைக் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும். நாதஸ்வரத்தையும் தவிலையும் கொடுத்தால் அதையும் ஏதோ பேச்சு என்றே நினைத்துப் பிசைந்துவிடும். தண்ணீருக்குள் பாடும் பாட்டு பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

இன்னொரு வழி மல்டிகாஸ்ட். மின்னல் எஃப்எம் கேட்பவர் பத்துப் பேரானாலும் பத்தாயிரம் பேரானாலும் ஒலிபரப்பு ஒன்றுதானே? அதுபோல ஒரே ஓடையை அனுப்பி, வேண்டியவர்களைக் கேட்கச் சொல்வது. 800 கிலோபிட் 80 ஆகிவிடும். ஆனால் வழியில் உள்ள ரவுட்டர்கள் எல்லாம் இதை அனுமதிக்கும்படி அமைக்கப்பட்டிருக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. கிளையின் ரவுட்டரிலேயே பாட்டுக் கோப்பை வைத்து, தலைமையகம் பயன்படுத்தும் அதே மல்டிகாஸ்ட் முகவரியில் அங்கேயே ஒலிக்கவிடுவது. தலைமையகத்தின் ஓடை ஒரே ஒரு ரவுட்டர்வரைதான் போகலாம் என்று எல்லை கட்டிவிட வேண்டும். அது வாசலைத் தாண்டாமலே செத்துப்போகும். சர்வர் "இந்த முகவரியைக் கேள்" என்கிறது. கிளையில் அந்த முகவரியில் ஒலிப்பது கிளையின் பாட்டு. ஏமாற்று வேலைதான், ஆனால் அழகான ஏமாற்று வேலை! ஊர்களுக்கு இடையே பாட்டுக்கான சுமை பூஜ்யம், சுருக்கவும் தேவையில்லை. ஒரு தொல்லை மட்டும் உண்டு. தீபாவளி வாழ்த்தை மாற்றினால் நான்கு இடத்திலும் மாற்ற வேண்டும். மறந்தால் மெர்சிங்கில் மட்டும் சீனப் புத்தாண்டுவரை தீபாவளிதான்.

சிஸ்கோ அமைப்பில் பலரைக் குழப்பும் ஒரு விதி: எந்தப் பாட்டு என்பதை ஹோல்டில் போடுபவரின் ஃபோன் தீர்மானிக்கிறது, அது எந்தச் சர்வரிலிருந்து வரும் என்பதை ஹோல்டில் போடப்பட்டவர் பக்கத்து அமைப்பு தீர்மானிக்கிறது. "பாட்டு மாறவில்லையே" என்று தவறான பக்கத்தைத் திருத்திக்கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது தொலைபேசி ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும் என்பதை நினைவில் வையுங்கள். மிருதங்கத்தின் 'தொம்' போய்விடும். தாளத்தின் 'கிண்' மங்கிவிடும். புல்லாங்குழலும் வீணையும் ஓரளவு தப்பிக்கும். மௌனத்தை வெட்டும் வசதி அமைப்பில் இருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லையேல் மெல்லிய ஆலாபனையை மௌனம் என்று எண்ணி வெட்டிவிடும்.

உரிமையையும் பார்க்க வேண்டும். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, இசைப் படைப்பின் உரிமை ஆசிரியர் இறந்து 50 ஆண்டுவரை நீடிக்கும். 1847இல் மறைந்த தியாகராஜரின் கீர்த்தனைக்குத் தடையில்லை. ஆனால் அதை இன்று ஒருவர் வாசித்த ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. சினிமாப் பாட்டென்றால் எம்ஏசிபி போன்ற உரிம அமைப்புகளை முதலில் விசாரியுங்கள். பள்ளியின் இசைக் குழு வாசித்ததை, பெற்றோர் அனுமதியோடு பதிவுசெய்து போடுவது இதைவிடச் சுலபம்.

வகுப்பில் கொடுக்க ஒரு பயிற்சி: 3 நிமிடப் பாட்டு, நொடிக்கு 8000 மாதிரி, 8 பிட், மோனோ. விடை 14,40,000 பைட். அதே பாட்டைக் குறுந்தட்டுத் தரத்தில், அதாவது 44,100 மாதிரி, 16 பிட், ஸ்டீரியோவில், கணக்கிடச் சொல்லுங்கள். 3,17,52,000 பைட் வரும். எத்தனை மடங்கு, அந்த மிச்சமெல்லாம் எங்கே போயிற்று என்று கேளுங்கள். பிறகு ஒரு கைப்பேசியிலிருந்து பள்ளி அலுவலகத்துக்கு அழைத்து, ஹோல்டில் போடச் சொல்லி, ஒலிபெருக்கியில் வகுப்புக்குக் கேட்கவிடுங்கள்.