ஹாரி குரோ பக்

ஹாரி குரோ பக் (1884 - 1943) அமெரிக்காவைச் சேர்ந்த உடற்கல்வியாளரும் விளையாட்டுப் பயிற்றுநரும் ஆவார். சென்னையில் 1920ஆம் ஆண்டில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியை நிறுவி, தமது இறுதிக்காலம் வரை அதன் முதல்வராகப் பணியாற்றினார். 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் போட்டியில் கலந்துகொண்ட இந்திய அணிக்கு மேலாளராக இருந்தார். இந்தியாவில் உடற்கல்வியை ஓர் ஆசிரியப் பணியாக நிலைநிறுத்திய முன்னோடியாக இவர் கருதப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

பக் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்டு நகரிலிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் உடற்கல்வி பயின்றார். பிற்காலத்தில் ஸ்பிரிங்பீல்டு கல்லூரி என்று பெயர் பெற்ற இந்நிறுவனம் விளையாட்டு வரலாற்றில் தனியிடம் கொண்டது. ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891ஆம் ஆண்டில் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கியது இங்குதான். கைப்பந்தாட்டத்தை 1895ஆம் ஆண்டில் உருவாக்கிய வில்லியம் மார்கனும் இதே பள்ளியில் பயின்றவர் ஆவார். உடல், மனம், ஆன்மா ஆகிய மூன்றும் சேர்ந்து வளர்வதே கல்வி என்பது இப்பள்ளியின் அடிப்படைக் கொள்கை. அதன் சின்னமான முக்கோணம் இக்கொள்கையைக் குறிப்பதாகும்.

சென்னைக்கு வருகை

கிறித்தவ இளைஞர் சங்கம் என்னும் ஒய்.எம்.சி.ஏ. 1844ஆம் ஆண்டில் இலண்டனில் தோன்றியது. சென்னைக் கிளை 1890ஆம் ஆண்டில் அமெரிக்கரான டேவிட் மெக்கானகியின் முயற்சியால் தொடங்கப்பட்டது. பக் 1919ஆம் ஆண்டில் இந்தியா வந்தார்.

அக்காலப் பள்ளிகளில் உடற்பயிற்சி என்பது பெரும்பாலும் 'டிரில்' என்ற அளவிலேயே இருந்தது. படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் மாணவர்களை வரிசையில் நிறுத்தி, ஆணைக்கேற்பக் கை கால்களை அசைக்கச் செய்வர். அவர்களுக்கு ஆசிரியப் பயிற்சி கிடையாது. மற்ற ஆசிரியர்களுக்கு நிகரான மதிப்பும் கிடையாது. குழந்தையின் உடல் வளர்ச்சி, விளையாட்டின் விதிகள், முதலுதவி, கற்பிக்கும் முறை ஆகியவற்றை அறிந்த ஆசிரியரே உடற்கல்வியைக் கற்பிக்க வேண்டும் என்பது பக்கின் நிலைப்பாடு. அத்தகைய ஆசிரியர்களை உருவாக்கவே அவர் பயிற்சி நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்.

கல்லூரி

மிகச் சில மாணவர்களுடன் 1920ஆம் ஆண்டில் தொடங்கிய இந்நிறுவனம், பின்னர் சைதாப்பேட்டையை அடுத்த நந்தனத்தில் பரந்த திடலுடன் கூடிய வளாகத்திற்கு இடம் பெயர்ந்தது. அண்ணா சாலையில், அடையாற்றுக்கு வடக்கே அமைந்துள்ள இவ்வளாகத்தைச் சென்னைப் புத்தகக் கண்காட்சி பல ஆண்டுகள் நடைபெற்ற இடமாக இன்று பலர் அறிவர். ஆசியாவின் முதல் உடற்கல்வியியல் கல்லூரி என்று இது குறிப்பிடப்படுவதுண்டு. பிற்காலத்தில், 2005ஆம் ஆண்டில் செயல்படத் தொடங்கிய தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்துடன் இக்கல்லூரி இணைக்கப்பட்டது.

மேலைநாட்டு விளையாட்டுகளை மட்டும் கற்பிப்பதைப் பக் விரும்பவில்லை. சடுகுடு முதலிய உள்நாட்டு விளையாட்டுகளுக்கும் பயிற்சியில் இடமளித்தார். விளையாட்டு விதிகளைத் தொகுத்து அவர் வெளியிட்ட நூல், நடுவர்களும் உடற்கல்வி ஆசிரியர்களும் நெடுங்காலம் கையாண்ட நூலாகும். ஒவ்வோர் ஊரும் தத்தம் வழக்கப்படி விளையாடிய நிலையில், பள்ளிகளுக்கு இடையே போட்டி நடத்துவதற்கு எழுதப்பட்ட பொது விதிகள் தேவையாயின.

ஒலிம்பிக் பணி

1924ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தில்லியில் நடைபெற்ற அனைத்திந்தியப் போட்டிகளின் வழியே, பாரிஸ் செல்லும் தடகள வீரர்கள் தேர்வு செய்யப்பட்டனர். அவ்வணியில் இடம்பெற்றவர்களுள் சென்னையைச் சேர்ந்த தடை ஓட்ட வீரர் சி. கே. இலட்சுமணனும் ஒருவர். இவர் பிற்காலத்தில் இந்திய அரசின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநராக உயர்ந்தார். பாரிஸில் இந்தியா பதக்கம் எதையும் பெறவில்லை. எனினும், நாடு முழுவதற்குமான நிலையான அமைப்பு ஒன்று வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1927ஆம் ஆண்டில் தொராப்ஜி டாட்டாவைத் தலைவராகக் கொண்டு இந்திய ஒலிம்பிக் சங்கம் அமைந்தது. ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த ஏ. ஜி. நோரன் அதன் செயலாளரானார். சங்கம் உருவாவதற்குப் பக்கும் துணை நின்றார்.

வேரூன்றிய விளையாட்டுகள்

ஒய்.எம்.சி.ஏ.வின் அமெரிக்கப் பயிற்றுநர்கள் ஆசியாவின் பல நாடுகளில் தம் நாட்டு விளையாட்டுகளைப் பரப்பினர். மணிலாவில் 1913ஆம் ஆண்டு நடைபெற்ற முதல் தூரகிழக்குப் போட்டிகளில் கூடைப்பந்து, கைப்பந்து ஆகியவற்றுடன் பேஸ்பால் எனப்படும் அடிபந்தாட்டமும் இடம்பெற்றது. சென்னையில் கைப்பந்தும் கூடைப்பந்தும் நிலைத்தன. அடிபந்தாட்டம் அவ்வாறு பரவவில்லை. மட்டையும் பந்தும் கொண்ட விளையாட்டுக்குரிய இடத்தைத் துடுப்பாட்டம் முன்பே பிடித்திருந்தது. சென்னைத் துடுப்பாட்டக் கழகம் 1846ஆம் ஆண்டிலேயே தோன்றியது. மேலும் அடிபந்தாட்டத்திற்குக் கையுறை முதலிய கருவிகளும் பெரிய திடலும் வேண்டும். கைப்பந்தாட்டத்திற்கோ இரண்டு கம்பங்கள், ஒரு வலை, ஒரு பந்து ஆகியவை போதும். அது தமிழகச் சிற்றூர்கள் வரை சென்றதற்கு இந்த எளிமை ஒரு காரணமாகும்.

மதிப்பீடு

அமெரிக்கக் கல்லூரிகளில் பயிற்றுநரின் பணி பெரும்பாலும் வெற்றிகளைக் கொண்டே அளவிடப்படுகிறது. தென்கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் அடிபந்தாட்டப் பயிற்றுநராக 1942 முதல் 1986 வரை இருந்த ராட் டெடோ, 11 தேசியப் பட்டங்களால் நினைவுகூரப்படுகிறார். பக்கின் பணியை அவ்வாறு கணக்கிட இயலாது. அவரிடம் பயின்றவர்கள் ஆசிரியர்களாகிப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் சென்றனர். வேறு ஊர்களில் பயிற்சி நிறுவனங்கள் தோன்றவும் சென்னைக் கல்லூரி முன்மாதிரியாக அமைந்தது.

பக் 1943ஆம் ஆண்டில் சென்னையில் காலமானார். உடற்கல்வி ஆசிரியர் என்ற பணியிடம் இன்று தமிழ்நாட்டுப் பள்ளிகளில் முறையாக ஏற்கப்பட்டதாகும். எனினும், தேர்வு நெருங்கும்போது விளையாட்டுப் பாடவேளையைப் பிற பாடங்களுக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் பல பள்ளிகளில் தொடர்கிறது. உடற்கல்வியும் பிற பாடங்களுக்கு நிகரானதே என்னும் அவரது கருத்து, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வந்த பின்னரும் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை என்பதை இது காட்டுகிறது.