காலை எடுத்தால் கத்துகிறதா?

சாந்தோமைக் கடந்து, கலங்கரை விளக்கத்தருகில் கடற்கரைச் சாலையில் ஏறியபோது, அதிகாலை ஐந்தரை மணியின் நிசப்தத்தில், என் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பின் ஆசனத்துக்கு அடியிலிருந்து, எங்கோ தொலைவில் சங்கு ஊதுவது போன்ற மெல்லிய ஊளை ஒன்று கிளம்பிற்று. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்த கணத்தில் எழுந்த அது, மறுபடி மிதித்ததும் அடங்கிவிட்டது. வண்டியைப் பார்த்த பட்டறைக்காரர் ஒருவர், ஓட்டிக்கூடப் பாராமல், “கிரவுன் பினியன் போச்சு சார், செட்டா மாத்திடணும்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். உற்பத்தி நின்று பல தசாப்தங்களாகிவிட்ட வண்டிக்குப் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் அலைந்து ஒரு செட் தேடுவது எத்தகைய பிரயாசை என்பது, பழைய கார் வைத்திருப்போர் அனைவருக்கும் தெரிந்ததே.

ஹெரால்டு நம் ஊர்க்கார். இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த, இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி வடிவமைத்த அந்த வண்டியை, 1961 முதல் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் வண்டலூர் தொழிற்சாலையில் தயாரித்து வந்தது. அதன் பின்பக்கத்து அமைப்பு விசேஷமானது. அக்காலத்து அம்பாசடரிலும் ஃபியட்டிலும் பின்னச்சு முழுவதும் ஒரே தண்டமாகச் சக்கரங்களோடு சேர்ந்து மேலும் கீழும் ஆட, ஹெரால்டில் டிஃபரன்ஷியல் சேஸிஸில் இறுகப் பூட்டப்பட்டிருக்கும். அதன் தலைமேல் குறுக்காக ஒரு பட்டை வில் அமர்ந்திருக்க, இருபுறமும் ஆக்சில்கள் பறவையின் சிறகுகளைப் போலத் தனித்தனியே அசையும். இந்த ஏற்பாடு வாடிக்கையாளர் சிலருக்கும் மெக்கானிக்குகளுக்கும் பிடிக்காமற்போகவே, 1972-இல் வந்த கெஸல் என்னும் அடுத்த வண்டியில் நிறுவனம் பழைய ஒற்றைத் தண்ட அச்சுக்கே திரும்பிவிட்டது. ஹெரால்டுக்கு நான் நியாயம் பேச விரும்புகிறேன்: டிஃபரன்ஷியல் ரப்பர் புஷ்களின் வழியே சேஸிஸைப் பற்றியிருப்பதால், அந்தப் புஷ்கள் வயதாகிக் கல்லாய் இறுகிவிட்டால் சாதாரணச் சப்தங்கூட வண்டி முழுவதும் எதிரொலிக்கும், அதனைக் கேட்டுப் பற்சக்கரத்தைக் குற்றஞ்சாட்டுவது முறையன்று.

டிஃபரன்ஷியல் எதற்கு என்று கேட்பவர்கள், மயிலைக் கபாலீசுவரர் கோயிலில் பங்குனிப் பெருவிழாவின் ஏழாம் நாள், மாடவீதி முனையில் தேர் திரும்புவதை ஒருமுறை கவனித்துப் பார்க்கலாம். முனையை ஒட்டிய சக்கரம் நின்ற இடத்திலேயே ஏறக்குறையச் சுழல, வெளிப்புறச் சக்கரம் ஒரு பெரிய வட்டத்தையே கடக்கவேண்டியிருக்கும். தேர்ச் சக்கரங்கள் அச்சில் தனித்தனியே உருளுவதால் வடம் பிடிப்போருக்கு இது சாத்தியமாகிறது. ஆனால் மோட்டார் வண்டியில் இரு சக்கரங்களையும் ஒரே எஞ்சின் தள்ளவும் வேண்டும், திருப்பத்தில் அவை வெவ்வேறு வேகத்தில் உருளவும் வேண்டும். இந்த முரண்பாட்டை 1827-ஆம் ஆண்டிலேயே பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர் நான்கைந்து பற்சக்கரங்களால் தீர்த்துவைத்தார். முன்னிருந்து வரும் தண்டின் முனையிலுள்ள சிறிய பினியன், தாம்பாளம் போன்ற கிரவுன் சக்கரத்தைச் சுற்றுகிறது. கிரவுனோடு சுற்றும் கூட்டுக்குள் இருக்கும் குட்டிச் சக்கரங்கள் இரு பக்கத்துக்கும் விசையைப் பங்கிடுகின்றன. பினியனின் மையம் கிரவுனின் மையத்துக்குச் சற்றுக் கீழே அமைவதால் பற்கள் உருளுவதோடு ஒன்றின்மேல் ஒன்று வழுக்கவும் செய்கின்றன. ஆதலால்தான் இதற்கு எஞ்சின் ஆயில் உதவாது, மூக்கைத் துளைக்கும் கந்தக நெடியுள்ள 90 நம்பர் ஹைபாய்ட் கியர் ஆயிலே வேண்டும்.

மந்தைவெளியில் ஒரு சந்துக்குள் பட்டறை வைத்திருக்கும் வயோதிக மேஸ்திரி ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் ஜாக்கியைத் தொடவில்லை.

“சார், மிதிச்சா கத்துதா, காலை எடுத்தா கத்துதா? அதை மட்டும் சொல்லுங்க.”

“காலை எடுத்தால்தான், மேஸ்திரி.”

“வாங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்.”

மறுநாள் விடியற்காலையில், பின் ஆசனத்தின் மெத்தையைக் கழற்றி வைத்துவிட்டு, அது இருந்த இடத்தில் காதைச் சாய்த்தவாறு அவர் அமர, நான் ஓட்டினேன். தார்ச் சாலையிலிருந்து சிமெண்டு பதித்த தெருவுக்குள் சென்றபோது சப்தம் மாறவில்லை. டயராக இருந்தால் சாலைக்குச் சாலை குரல் மாறியிருக்கும் என்றார். ஆளில்லாத கடற்கரைச் சாலையில் வேகமெடுத்தபின் நியூட்ரலுக்குத் தள்ளி எஞ்சினைச் சும்மா விடச் சொன்னார். அப்போதும் ஊளை மெலிதாகத் தொடரவே, எஞ்சினும் விசை ஏற்கும் கியர்களும் சந்தேகத்திலிருந்து விலகின. பிறகு தியாகராய நகர் சென்று, பனகல் பூங்காவை வலப்புறமாகவே இரண்டு முறை சுற்றி வந்தோம். வலப்புறம் திரும்பும்போது பாரம் இடச் சக்கரத்தின் பேரிங்கில் விழும். அது தேய்ந்திருந்தால் அப்போது உறுமும். உறுமவில்லை. இடப்புறத் திருப்பங்களிலும் அப்படியே. கூட்டுக்குள்ளிருக்கும் குட்டிச் சக்கரங்கள் நேரே போகையில் சும்மா இருந்து திருப்பத்தில் மட்டுமே வேலை செய்பவை; அவையும் மௌனமாக இருந்தன. கிளட்சை விடும்போது ‘டொக்’ என்று இடிக்கிறதா என்றும் பார்த்தார். அந்த இடி கேட்டால் டிஃபரன்ஷியலுக்கு முன்பு கிராஸ் ஜாயிண்டுகளைப் பார்க்கவேண்டும். ஹெரால்டில் நடுத்தண்டில் இரண்டும் ஆக்சில்களில் ஒவ்வொன்றுமாக அவை நான்கு.

இனித்தான் நான் வியந்த சூக்ஷ்மம். வண்டி இழுக்கும்போது பற்களின் சாய்வானது பினியனைக் கிரவுனிலிருந்து முன்னோக்கி விலக்கித் தள்ளும். காலை எடுத்ததும் சக்கரங்கள் எஞ்சினைத் தள்ளத் தொடங்குவதால், அதே சாய்வு பினியனை உள்ளே இழுக்கும். பினியனைத் தாங்கும் இரண்டு பேரிங்குகளும் இறுக்கமாக இருந்தால் அது எங்கும் நகராது. அவை தளர்ந்திருந்தால், காலை எடுத்த மாத்திரத்தில் பினியன் ஒரு நூலளவு உள்ளே சென்று, பல்லோடு பல் சேரும் இடம் தவறி, ஊளை பிறக்கும். மிதித்தாலும் எடுத்தாலும் ஓயாத தாழ்ந்த உறுமலாயின் பேரிங்கே பழுது. மிதிக்கும்போது மட்டும் ஊளையாயின் பற்களின் தேய்வையோ பொருத்தத்தையோ சந்தேகிக்கலாம். என் வண்டியின் ரோகம் இரண்டுமல்ல.

கழற்றியபோது வடிந்த ஆயில் சாம்பல் நிறமாக, விரலில் தேய்த்தால் வெள்ளிப் பொடி மினுங்குவதாக இருந்தது. அது வயதின் குணம். கண்ணுக்குத் தெரியும் உலோகச் செதில்கள்தாம் அபாயம், அவை இல்லை. நடுத்தண்டைப் பிரித்து, பினியன் முனையிலுள்ள ஃபிளாஞ்சைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கச் சொன்னார். என் விரல்களுக்கே அந்த ஆட்டம் தெரிந்தது.

பினியன் பேரிங்குகளுக்கு நடுவேயுள்ள மெல்லிய ஷிம் தகடுகளில் ஒன்றை எடுத்துவிட்டு இறுக்கினால் தளர்ச்சி போய்விடும். எவ்வளவு இறுக்கம் என்பதில்தான் கவனம். அதிகமானால் பேரிங் கொதித்து எரிந்துவிடும். அவர் ஃபிளாஞ்சில் ஒரு கயிற்றைச் சுற்றி, நுனியைச் சுருள் தராசில் மாட்டி, பினியன் நிதானமாகச் சுழலும்படி இழுத்து, முள் காட்டிய எண்ணைப் பழுப்பேறிய கையேட்டின் எண்ணோடு ஒப்பிட்டார். போதாமல், இன்னொரு தகட்டை மாற்றி மறுபடி இழுத்தார். இவ்வாறு நான்கு முறை.

அதன்பின் ஈயச் செந்தூரத்தை எண்ணெயில் குழைத்து, கிரவுனின் ஏழெட்டுப் பற்களில் மெல்லிதாகப் பூசி, கிரவுனை ஒரு மரத்துண்டால் அழுத்திக்கொண்டு பினியனைச் சுற்றினார். பல்லின் முகத்தில் செந்தூரம் துடைபட்ட இடமே சாட்சி. அது பல்லின் உச்சியில் விழுந்தால் பினியன் விலகியிருக்கிறது, அடியில் விழுந்தால் மிகவும் உள்ளே புகுந்திருக்கிறது. கிரவுனின் உள்ஓரத்தை ஒட்டியிருந்தால் கிரவுனைப் பினியனிலிருந்து தள்ளவேண்டும், வெளிஓரத்தை ஒட்டியிருந்தால் நெருக்கவேண்டும். எங்கள் வண்டியில் தடம் நடுவில், உள்ஓரத்தை நோக்கிச் சற்றே சாய்ந்து, ஒரு சுத்தமான நீள்வட்டமாகப் பதிந்திருந்தது. டயல் கேஜை வைத்துப் பற்களுக்கிடையிலான இடைவெளியை அளந்தார்: 0.13 மில்லிமீட்டர், அதாவது சுமார் இரண்டு மயிரிழைக் கனம்.

“இதைத் தொடக்கூடாது சார். இந்த ரெண்டு பல்லும் இத்தனை வருஷமா ஒண்ணோட ஒண்ணு பழகினது.”

அவர் சொன்னது உண்மை. கிரவுனும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஜோடியாக அரைத்துப் பொருத்தப்பட்டு வருபவை. ஒன்றை மட்டும் மாற்றுவதும், நன்றாகச் சேர்ந்திருக்கும் ஜோடியை அவசியமின்றி நகர்த்துவதும், இல்லாத ஊளையை வரவழைக்கும். முதல் பட்டறைக்காரரின் அபிப்பிராயப்படி நடந்திருந்தால், நூறு சதவீதம் நல்ல நிலையிலிருந்த ஜோடியொன்றைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டிருப்பேன்.

செந்தூரத்தை மண்ணெண்ணெயால் துடைத்து, அது ஈயமாதலால் கைகளைச் சோப்பிட்டு இருமுறை கழுவிக்கொண்டு, கல்லாகிப் போயிருந்த ரப்பர் புஷ்களையும் மாற்றி, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பக்கத்துத் துளையின் விளிம்பு வரை புது ஆயில் ஊற்றினார். மறுநாள் விடியலில் அதே கடற்கரைச் சாலையில் ஐம்பதைத் தொட்டுக் காலை எடுத்தேன். கண்ணாடியை இறக்கிவிட்டிருந்த ஜன்னல் வழியே அலையின் ஓசை கேட்டது.